ரூத் அக்கா திறக்காத கேட்

"பெத்த பொண்ணு துடிச்சிகினு கீது, கேட்டத் தொறக்க மாட்டேங்குறா. இவ இன்னா அம்மா?" பக்கத்தில் நின்ற லாரிக்காரர் கேட்டார்.

செங்கல்பட்டில் மெயின் லைனை விட்டுப் பிரிந்து காஞ்சிபுரம் பக்கம் போகும் ஒற்றை ரயில் பாதை அது. ஊர் ஊராக ஆளையும் சரக்கையும் அள்ளி வந்து மெயின் லைனில் சேர்ப்பதுதான் அதன் வேலை. கரி எஞ்சின் ஓடிய மீட்டர்கேஜ் காலத்தில் அதற்கு ஜல்லி கொட்டியவர் கேட் கீப்பர் ரூத் அக்காவின் தாத்தா. அகலப்பாதை போட்டபோது உழைத்தவர் அப்பா. வயல் கூலியாக இருந்த குடும்பம் அந்தப் பாதையைப் பிடித்துத்தான் மேலே வந்தது. அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோக, வாரிசு வேலையாக இந்த கேட் அக்காவுக்குக் கிடைத்தது.

போன மழைக்காலத்தில், நெம்மேலியிலிருந்து மீன் பெட்டியோடு வந்த நான் அந்த கேட்டில் மாட்டிக்கொண்டேன். பின்னாலேயே ஓர் ஆட்டோ. உள்ளே அக்காவின் மகள் ஜெசிந்தா, பிரசவ வலியில். ஆஸ்பத்திரி இருப்பது கேட்டுக்கு அந்தப் பக்கம்.

அக்காவின் கணவர் ஞானதாஸ் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடினார். "ரூத்து, ஒரு நிமிசம் தொறம்மே! ரயிலையே காணோம்!"

"மூடியாச்சுன்றதுக்கு அடையாளமா ஸ்டேஷனுக்கு போன்ல நம்பர் குடுத்துட்டேன்யா. அத்த நம்பித்தான் வண்டிய வுட்டுக்கீறாங்க. அதுல எத்தினி ஜெசிந்தா வர்றாளோ!"

சொல்லிவிட்டு, சிவப்புக் கொடியோடு தண்டவாளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார். எங்கள் பக்கத்து வழக்கம் இது: கேட் மூடியதும் இரண்டு புறமும் வண்டிகள் சாலை முழுக்க அடைத்து நிற்கும். திறந்தால் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். ரயில் போனபின்தான் உண்மையான காத்திருப்பே.

"அண்ணாத்த, இன்னா கல்யாண ஊர்வலமா? ஓரங்கட்டு!" என்று அங்கே அடைத்து நின்றவர்களை விரட்டினார் அக்கா.

"பின்னால டிராக்டர் கீதும்மா, எங்க போறது?" என்றார் ஒரு புல்லட்காரர்.

"வயல்ல எறக்கு! எம் பொண்ணு போவணும்."

ஒவ்வொரு வண்டியாக நகர்ந்தது. இந்தப் பக்கம் லாரிக்காரர் தானே இறங்கி, ஆட்டோவை முன்னால் விட்டார்.

ரயில் வந்தது. வாசலில் தொங்கும் பையன்கள், ஜன்னலில் குழந்தைகள், பூக்கூடைகள். அவர்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. தன் இடத்துக்குத் திரும்பியிருந்த அக்கா பச்சைக் கொடியை நீட்டி நேராக நின்றார். கடைசிப் பெட்டி போகும்வரை அவர் ஆட்டோ பக்கம் திரும்பவேயில்லை.

கேட் உயர்ந்தது. ஆட்டோ எங்கும் தடைபடாமல் பறந்தது. அன்று மாலை ஜெசிந்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

லாரிக்காரரின் கேள்விக்கு அந்த ஜன்னல் முகங்கள்தான் பதில் என்று இப்போது தெரிகிறது. அடுத்தமுறை கேட்டில் காத்து நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் வண்டியை இடப்பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.