காருக்குள் நான் பூட்டிய கறுப்புப் பெட்டி

ஒன்ராறியோவின் நானூற்றியொன்று ஹைவேயில் மணிக்கு நூறு கிலோமீற்றர்தான் ஓடலாம் என்று பலகை நட்டவன், விடியக்காலையில் வோபர்னில் இருந்து பிறம்ரனுக்கு வேலைக்குப் போனவன் இல்லை. போயிருந்தால் அந்தப் பலகையைத் தானே பிடுங்கி எறிந்திருப்பான். நான் போனேன். ஒரு பழைய யப்பான் காரில், என்னோடு வேலை செய்த மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு, கிழமையில் ஐந்து நாளும் போனேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வேகமாக ஓடியதற்குப் பொலிசிடம் தண்டம் எழுதிய ரிக்கெற் சில ஏற்கெனவே வாங்கியிருந்தேன். ரிக்கெற்றோடு லைசன்சில் பொயின்ற், அதாவது குற்றப்புள்ளி, ஏறும். நிரம்பினால் லைசன்சைப் பறித்துவிடுவார்கள். என்னுடையது நிரம்பும் தறுவாயில் இருந்தது. இன்னும் ஒன்று வந்தால் முடிந்தது. நாங்கள் வேலை செய்த வேர்ஹவுசுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. என் கணவர் றோட் ரெஸ்ற் எடுக்கப் போகும்போதெல்லாம் பரிசோதகரையும் பயமுறுத்தித் தானும் பயந்து வீட்டுக்கு வருகிறவர். ஆக, என் லைசன்ஸ் போனால் என் வேலை போகும், பின்சீற்றில் இருந்தவர்களின் வேலையும் போகும்.

மெதுவாக ஓடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் வேலைக்குப் பிந்திப் போய் எங்கள் சுப்பவைசரின் முகத்தில் விழித்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில், பஃபலோவில் இருந்த என் தம்பி ஒரு முறை வந்தபோது றேடார் டிடெக்ரர் ஒன்று கொண்டுவந்து தந்தான். கையளவு கறுப்புப் பெட்டி. பொலிஸ் வேகம் அளக்கும் கருவி எங்காவது பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே கத்தும். அவனுடைய ஊரில் அதற்குத் தடையில்லை. ஒன்ராறியோவில் அதைக் காரில் வைத்திருப்பதே குற்றம். அதற்கும் பொயின்ற் உண்டு. பொயின்ற்றில் இருந்து தப்புவதற்கு வாங்கிய சாமானுக்கே பொயின்ற் போடுகிற நாடு இது.

பெட்டியோடு சுருள் வயர் ஒன்று வந்தது. சிகரெற் பற்றவைக்கும் துளையில் அதைச் செருகினால் வேலை செய்யும். ஆனால் கண்ணாடியில் தொங்கும் அந்த வயரைத்தான் பொலிஸ் முதலில் பார்க்கும். அதனால் வயரைக் காரின் உடம்புக்குள்ளேயே ஓட்டி, பெட்டியையும் தெரியாமல் பூட்டுவது என்று முடிவெடுத்தேன். யாரிடமும் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் எல்லோரும் வாயில் பூட்டு இல்லாதவர்கள்.

ஒரு சனிக்கிழமை, எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்துமிடத்தில் வேலையைத் தொடங்கினேன். கணவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தை, தனக்கு ஒரு சொல்லும் தெரியாத பிரெஞ்சுப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அதைப் பறித்துக் கதிரைக்கு அடியில் எறிந்தேன்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். கூரையில் உள்ள சின்ன லைற்றுக்கு வரும் வயர், கண்ணாடிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை உரித்து, பெட்டியின் வயரை முறுக்கி, ரேப் சுற்றினேன். பெட்டி உடனே முழித்தது. சிவப்பு லைற் எரிந்தது. நான் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். பெட்டி செத்துப்போனது. கதவைத் திறந்தேன். முழித்தது. அந்த லைற் கதவு திறந்தால் மட்டும் எரிகிற லைற்.

கணவர் யோசித்துவிட்டுச் சொன்னார், "இஞ்சேரும், கதவைத் திறந்துகொண்டே ஹைவேயில ஓடினா என்ன? நான் கயித்தால கட்டிவிடுறன்."

சிரிப்பில் எனக்கு வயிறு நொந்தது. கோபப்படத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் காரில் சாய்ந்துகொண்டு நின்று சிரித்தோம். மேல்மாடியில் ஒரு கிழவி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

பிறகு ஒழுங்காகச் செய்தேன். ஸ்ரியரிங்குக்குக் கீழே தலைகீழாகப் படுத்து, பியூஸ் பெட்டியைத் திறந்து, கார்த் திறப்பைச் செருகித் திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற பியூஸ் எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேடினேன். வைப்பரின் பியூஸ் அப்படிப்பட்டது. அதில் இருந்து வயரை எடுத்தேன். மற்ற வயரை, காரின் தகட்டில் பெயின்ற் சுரண்டி, ஒரு ஆணியின் கீழ் வைத்து இறுக்கினேன். பாணுக்குப் பட்டர் பூசும் மொட்டைக் கத்தியால் வயரை டாஷ்போர்ட்டின் இடுக்குக்குள் தள்ளித் தள்ளி, முன்கண்ணாடியின் அடிவரை கொண்டு போனேன். வெளியில் ஒரு நூல்கூடத் தெரியவில்லை.

டாஷ்போர்ட்டில் எங்களுடைய சின்னப் பிள்ளையார் இருந்தார். அவரைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பூமாலை. பெட்டியை அவருக்குப் பக்கத்தில் மாலைக்குள் வைத்தேன். பெட்டியைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு வந்த ரப்பர்க் கிண்ணங்கள் குளிரில் கழன்று விழும் என்று தம்பி சொல்லியிருந்தான். அதனால் தகட்டு வளையம் வெட்டி, ஸ்குறூ இறுக்கி, அடியில் கல் மாதிரி இறுகும் பசையும் பூசினேன். கார் நொறுங்கினாலும் பெட்டி நிற்கும்.

சோதிக்க வேண்டுமே. பொலிசைத் தேடிப் போக முடியாது. சுப்பர் மார்க்கெற்றின் தானாகத் திறக்கும் கதவும் அதே மாதிரி அலையைத்தான் விடும் என்று தம்பி சொல்லியிருந்தான். பிளாசாவுக்குப் போனோம். கதவுக்கு முன்னால் கார் வந்ததும் பெட்டி வீரிட்டது. என் வாழ்க்கையில் அப்படியொரு இனிமையான சத்தம் கேட்டதில்லை. திரும்பவும் சுற்றி வந்தோம். திரும்பவும் கத்தியது. தள்ளுவண்டியோடு வந்தவர்கள் எங்களுக்கு வழிவிட்டு நின்றார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. கணவர் ஒவ்வொரு தடவையும் கை தட்டினார்.

திங்கள் விடிய நான் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்க, கணவர் கீழே காருக்குப் போய்க் கறுப்புப் பெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டுக்குள் வந்த எந்தப் புதுச் சாமானும் சந்தனமும் குங்குமமும் வாங்காமல் வேலை தொடங்கியதில்லை. ரீவி, சோறு சமைக்கும் பானை, வக்கும் கிளீனர் எல்லாவற்றுக்கும் நெற்றி இருந்தது. நான் அதைப் பற்றி யோசிக்கவேயில்லை.

அன்று கார் பறந்தது. பெட்டி அமைதியாக இருந்தது, நான் இன்னும் மிதித்தேன். பின்சீற்றில் இருந்த மூவரில் மூத்தவரான மன்னார் அக்கா செபமாலையை எடுத்தார். நான் வேகமாக ஓடினால் எடுப்பார். மற்ற இருவரும் தூங்கினார்கள். பாலம் ஒன்றைத் தாண்டியதும் பின்னால் சிவப்பும் நீலமுமாக லைற் சுழன்றது.

நான் ஓரம் கட்டினேன். பொலிஸ் கார் பின்னால் வந்து நிற்க, அதுவரை வாயே திறக்காத பெட்டி அப்போதுதான் கத்தத் தொடங்கியது. நடந்து வந்த பொலிஸ்காரன் என் ஜன்னலுக்குக் குனியும்வரை கத்தியது. திறப்பைத் திருப்பி அணைத்தேன். அது என்ன சத்தம் என்று கேட்டான்.

"பேபி," என்றார் மன்னார் அக்கா பின்னால் இருந்து. "பேபி கிறையிங்."

அவன் காருக்குள் பார்த்தான். நான்கு வளர்ந்த பெண்கள். மடியில் சாப்பாட்டுப் பெட்டிகள்.

எனக்குப் பொய் சொல்ல வராது. கோபம்தான் வரும். அது றேடார் டிடெக்ரர், ஆனால் வேலை செய்யவில்லை, குப்பைச் சாமான் என்று, கடையில் திருப்பிக் கொடுக்க வந்தவள் மாதிரி அவனிடமே முறையிட்டேன். பின்னால் அக்கா தலையில் கை வைத்தார். "எடி பிள்ளை, வாயை மூடடி. ஆண்டவரே, இவளுக்கு ஒரு பூட்டுப் போடும்."

அவன் காரின் முன்பக்கம் போய், கண்ணாடி வழியாக மாலைக்குள் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பிறகு தோள் குலுங்கியது. என்னை வரச் சொல்லிக் கை காட்டினான்.

போய்ப் பார்த்தேன். பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் உண்டு. றேடார் அலை பிளாஸ்ரிக்குக்குள்ளாலும் போகும்; அதனால்தான் அவனுடைய காரில் இருந்த றேடாருக்குப் பெட்டி கத்தியது. புதிதாக வந்த லேசர்த் துப்பாக்கியின் ஒளியோ அந்தக் கண்ணில் பட்டால்தான் பெட்டிக்குத் தெரியும். அந்தக் கண் முழுவதும் பெருவிரல் அளவில் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம். மேலே ஒரு அரிசி. பாலத்துக்கு அடியில் இவன் லேசரோடு நின்றிருக்கிறான்.

வீதியோரத்தில் நின்று என் கணவரைத் தமிழில் திட்டினேன். லொறிகள் போகிற இரைச்சலுக்கு மேலால் திட்டினேன். என்ன சொல்கிறேன் என்று அவன் கேட்டான். என் கணவர் இந்தப் பெட்டியை ஆசீர்வதித்திருக்கிறார் என்றேன். அவன் தொப்பியைக் கழற்றிக் காரின் மேல் வைத்துவிட்டுச் சிரித்தான். அவன் சிரிக்க எனக்கும் வந்தது. உள்ளே மூன்று பேரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

சிரித்து முடிந்ததும் அவன் பெட்டியைப் பறிக்க வந்தான். பிடித்து இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். டாஷ்போர்ட் முனகியது, பெட்டி அசையவில்லை. யார் பூட்டியது என்று கேட்டான். நான் என்றேன். வயர் எங்கே போகிறது என்று தேடினான். காட்டமாட்டேன் என்றேன். லைசன்ஸ் அவன் கையில் இருந்தபோதும் எனக்குள்ளே ஒரு குதிப்பு. பொலிஸ்காரனால் பிடுங்க முடியாத வேலை செய்திருக்கிறேன்.

என் லைசன்சைத் தட்டியபடி அவன் தன் காருக்குப் போனான். அப்போதுதான் சிரிப்பு நின்றது. பெட்டிக்கு எழுதினால் போச்சு. வேகத்துக்கு எழுதினாலும் போச்சு. நான் காருக்குள் ஏற, பின்னால் அக்கா திரும்பவும் செபமாலையை உருட்டத் தொடங்கினார்.

திரும்பி வந்து ரிக்கெற்றை நீட்டினான். நூற்றிப் பதினைந்து என்று குறைத்து எழுதியிருந்தான். அந்த வேகத்துக்குத் தண்டம் உண்டு, பொயின்ற் இல்லை. பெட்டியைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. இன்று பொழுதுபடமுன் அதைக் கழற்று, திரும்பப் பார்த்தால் இரண்டுக்கும் சேர்த்து எழுதுவேன் என்று சொன்னான்.

வேலைக்குப் பிந்தித்தான் போனோம். சுப்பவைசர் வாயைத் திறக்கமுன் மன்னார் அக்கா, பிள்ளையார் எங்களை மறித்துவிட்டார் என்று சொல்லி உள்ளே நடந்தார். இடைவேளையில் நான் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துக் கத்தினேன். கணவர் முழுவதையும் கேட்டார்.

"லைசன்ஸ் போகேல்லைத்தானே," என்றார். "பிறகேன் கத்துறீர்?"

படாரென்று போனை வைத்தேன். பின்னேரம் நான்கு பேருமாக, வேர்ஹவுஸில் கேட்டு வாங்கிய சுத்தியலாலும் உளியாலும் அந்தப் பெட்டியைக் கொத்திக் கழற்றினோம். அக்கா பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டார். பாதி டாஷ்போர்ட் பெட்டியோடு வந்தது. வீட்டுக்கு நூறில் ஓடினேன். நானூற்றியொன்று முழுவதும் எங்களுக்குப் பின்னால் ஹோர்ன் அடித்தது. ஒவ்வொருவனுக்கும் பின்சீற்றில் இருந்து மூன்று பேரும் ராணிகள் மாதிரிக் கை காட்டினார்கள்.