பட்டன்காரர் சகிந்திக்

கல்யாண நாள் காலையில் சகிந்திக் அக்குளுக்கு ஒன்றாக இரண்டு பேட்டரிகளை வைத்துக்கொண்டுதான் தேநீர் குடிப்பார். கையை அகல விரிக்க முடியாது. பவுர்சாக் பணியாரத் தட்டு அவருக்கு எட்டாது. “கோழி அடைக்கு உக்காந்திருச்சு” என்று சொல்லிக்கொண்டே மனைவி ரவ்ஷான் தட்டை அவர் பக்கம் தள்ளிவிடுவார். குளிரில் கிடந்த பேட்டரி பாதிக் கல்யாணத்தில் சோர்ந்துபோகும் என்பதும், உடம்புச் சூட்டில் இருந்தது கடைசிவரை தாங்கும் என்பதும் சகிந்திக் அனுபவத்தில் கண்டது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

மற்ற நாளில் அவர் சார்கண்ட் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவர். விரல்கள் ஒவ்வொன்றும் குதிரை கட்டும் முளை மாதிரி இருக்கும். கல்யாண நாளில் அதே விரல்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நகக்கண்ணில் கரி இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, உள்ளங்கை அகலமுள்ள ஒரு சிடி பிளேயரைத் தொடுவார். பெண்ணின் முகத்திரை விலக்கும் பாட்டை ரவ்ஷான் பாடுவார். பாட்டுக்குப் பின்னால் ஓட வேண்டிய தோம்ப்ரா என்ற தந்தி வாத்தியத்தின் இசை அந்தப் பிளேயரிலிருந்து வரும். அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் சகிந்திக்கின் வேலை. ஊரில் அவருக்குப் பட்டன்காரர் என்று பெயர்.

அவருக்குப் பாட்டு வராது. ஒருமுறை தொழுகைக்கு அழைப்பவர் காய்ச்சலில் படுத்தபோது இவராகப் போய், நான் அழைக்கட்டுமா என்று கேட்டாராம். பள்ளிவாசல் பெரியவர் யோசித்துவிட்டு, இன்றைக்கு ஆட்களை வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றாராம். இதை ஊர்க்காரர்களைவிட அதிகமாகச் சொல்லிச் சிரிப்பவர் சகிந்திக்தான். குரலை அவளுக்குக் கொடுத்தான், கேட்கிற காதை எனக்குக் கொடுத்தான், இறைவன் பங்கு போட்டதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்பார்.

பிளேயர் மகள் கம்ஷாத்துடையது. அல்மாட்டியில் படிக்கும்போது வேற்றுமொழிப் பாடம் கேட்பதற்காக வாங்கினாள். வேலை கிடைத்ததும் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். உள்ளே இருக்கும் கண்ணாடிப் பொட்டைச் சுத்தமான துணியால் மட்டும் துடைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். வீட்டில் எது சுத்தமான துணி என்று பார்த்தால் ரொட்டி சுற்றும் துணிதான். அதன் ஒரு மூலையை ரவ்ஷானிடம் கேட்டு வெட்டி வாங்கி, சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறார். மூடியைத் திறந்ததும் “பிஸ்மில்லா” என்று சொல்லி ஒரே ஒரு துடைப்பு. வாயால் ஊதவே மாட்டார். எச்சில் தெறிக்கும்.

வண்டியில் போகும்போது பார்க்க வேண்டும். மடியில் மெத்தைத்துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பிளேயரை இரண்டு கையிலும் ஏந்தியிருப்பார். வண்டி குழியில் இறங்கும்போது கை ஏறும். மேட்டில் ஏறும்போது கை இறங்கும். தளும்பத் தளும்பக் குதிரைப்பால் கொண்டுபோகிறவர் மாதிரி. பழைய பாட்டுத் தட்டு ஒன்றைப் போட்டுக் காதில் இயர்போன் மாட்டியிருப்பார். எங்காவது பாட்டு ஒரு துளி தாண்டிவிட்டால் முகம் சுருங்கும். “அண்ணே, பொண்ணையே நான் இவ்வளவு பத்திரமா கொண்டுபோனதில்லை” என்பான் ஓட்டுநர். “பொண்ணு குலுங்குனா சிரிக்கும்டா. இது குலுங்குனா என் பொண்டாட்டி அழுவா” என்பார் இவர்.

முகத்திரைப் பாட்டு எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் பெண்ணுக்குப் புத்திமதி. பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரையும் பாட்டிலேயே கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் முன்னால் வருவார், பெண் குனிந்து சலாம் சொல்வாள், அவர் வாழ்த்துவார். ஒருவர் இரண்டு வார்த்தையில் வாழ்த்துவார், இன்னொருவர் கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து தொடங்குவார். தோம்ப்ரா வாசிக்கிறவர் என்றால் அவர் முகத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டு போவார். தட்டில் பதிந்த இசைக்கு முகம் தெரியாது. அது தன் நீளத்துக்கு ஓடி முடிந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் முடிந்தது. சகிந்திக்கின் அண்ணன் ஓர்தாபெக்கின் மைத்துனி மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்வழித் தாத்தா துசிப், அதாவது ஓர்தாபெக்கின் மாமனார், ஆற்றில் வெள்ளம் வந்ததால் பாட்டு முடியும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். தடியை ஊன்றி, நெஞ்சில் பதக்கம் குத்தி, நேராகப் பெண்ணுக்கு எதிரே போய் நின்றார். ரவ்ஷான் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தட்டில் இசை முடிந்தது. முடிந்ததோடு நிற்கவில்லை. அடுத்திருந்த குதியாட்டப் பாட்டுக்குத் தாவியது. பெரியவர் தடியோடு நிற்கிறார், ஒலிபெருக்கியிலிருந்து ஆட்டப் பாட்டு கொட்டுகிறது. இளசுகள் கூட்டமாகச் சிரித்துவிட்டார்கள். பதற்றத்தில் சகிந்திக்கின் பெரிய விரல் நிறுத்துகிற பட்டனுக்குப் பதிலாகச் சத்தம் கூட்டுகிற பட்டனில் விழுந்தது.

துசிப் ஒரு வாரத்தில் மறந்துவிட்டார். கேட்டால் தானே ஆடிக் காட்டுவார். மறக்காதவர் ஓர்தாபெக். பொண்டாட்டி பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு போகிற தம்பியை அவருக்கு முன்பே பிடிக்காது. அன்றைக்கு எல்லார் எதிரிலும் சொன்னார்: “தோம்ப்ராவா இருந்தா பெரியவருக்காக நின்னிருக்கும். உன் பெட்டிக்குக் காத்திருக்கத் தெரியாது. உனக்கும் தெரியாது.” அதோடு பேச்சு நின்றது. ஈத் தொழுகையில் ஒரே வரிசையில் நிற்பார்கள். சலாம் கொடுத்துத் திரும்பும்போது அண்ணன் முகம் தம்பி பக்கம் திரும்பும், கண் திரும்பாது. அப்பா போன பிறகு சகிந்திக்குக்கு அப்பாவாக இருந்தவர் அந்த அண்ணன்தான்.

அதற்குப் பிறகு சகிந்திக் கொதிகலன் அறையில், நிலக்கரி எரிகிற ஓய்வில், பிளேயரின் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்க்கத் தொடங்கினார். ஒருநாள் மகளின் மொழிப்பாடத் தட்டு ஒரே வாக்கியத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு பெண் குரல் திரும்பத் திரும்ப அதையே சொன்னது. தட்டில் கீறல் விழுந்துவிட்டது என்று நினைத்தார். சேணத்தோல் வெடித்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தார்: ஆட்டுவால் கொழுப்பைச் சூடாக்கித் தட்டு முழுக்கத் தேய்த்துவிட்டார். ரவ்ஷான் அதைப் பார்த்துவிட்டு, இதையும் சூப்பில் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். தொலைபேசியில் கம்ஷாத்துக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. “அப்பா, அது கெட்டுப்போகல. ஏ-பி பட்டன அழுத்தியிருக்கீங்க. பாடம் மனசுல பதியிற வரைக்கும் திருப்பிச் சொல்றதுக்காக வச்சிருக்காங்க.”

ஓரிடத்தில் ஒரு அழுத்தல், இன்னோரிடத்தில் ஒரு அழுத்தல். இரண்டுக்கும் நடுவில் உள்ளதைப் பிளேயர் சுற்றிச் சுற்றி வாசிக்கும். மூன்றாவது முறை அழுத்தினால்தான் மேலே போகும். சகிந்திக் போனை வைத்தார். பிறகு தோம்ப்ராத் தட்டைப் போட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் இதே வேலை. சுற்றின் தலையும் வாலும் சேர்கிற இடத்தில் இசை இடறக் கூடாது. எந்த மீட்டலின் மூச்சில் அழுத்தினால் ஒட்டுத் தெரியாது என்று தேடினார். பள்ளிக்கூடம் சிலநாள் குளிர்ந்தது, பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமல் படித்தார்கள். கடைசியில் கிடைத்தது. பிறகு எத்தனையோ கல்யாணங்களில் எத்தனையோ பெரியவர்கள் தடி ஊன்றி மெல்ல வந்தார்கள், நீளமாக வாழ்த்தினார்கள். இசை யாரையும் விட்டுப் போகவில்லை. ஓர்தாபெக் மட்டும் அதைக் கேட்கிற இடத்தில் இல்லை. தம்பி போகிற கல்யாணத்துக்கு அவர் வருவதில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் ஓர்தாபெக்கின் மகன் மெய்ரம் கல்யாணம் வந்தது. மெய்ரம் தானே வந்து, சித்தி பாடாமல் என் பெண்டாட்டியின் திரை விலகாது என்று உட்கார்ந்துகொண்டான். அப்பா என்ன சொன்னார் என்று சகிந்திக் கேட்டதற்குப் பையன் தரையைப் பார்த்தான். வரட்டும், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும், பார்க்கலாம் என்றாராம்.

அதில்தான் முடிச்சு. கணவனின் அண்ணன் பெயரை ஒரு மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ரவ்ஷான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓர்தாபெக் என்ற பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆனால் அப்பாவழித் தாத்தா இல்லாத வீட்டில் முதலில் கூப்பிட வேண்டியவர் மாப்பிள்ளையின் அப்பா. அவர் எழுந்து வராமல் அடுத்தவரைக் கூப்பிட முடியாது. பெயரைச் சொன்னால் மரியாதை கெட்டது, சொல்லாவிட்டால் நான் எழ வேண்டியதில்லை என்பது ஓர்தாபெக்கின் கணக்கு. சகிந்திக் தேநீரைத் தள்ளி வைத்தார். வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார். ரவ்ஷான் மாவு பிசைந்துகொண்டிருந்தார். “நீங்க ஓட்டிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க. மத்தது என் பாடு.”

முற்றத்தில் நெருப்பு மூட்டி அண்டாக்களில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. சிவப்புத் திரைக்குள் பெண் நின்றாள், இரண்டு நாத்தனார்கள் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். ஓர்தாபெக் முதல் வரிசையில், மாமனார் துசிப்புக்குப் பக்கத்தில், தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் குட்டை மேசைக்குப் பின்னால் சகிந்திக் மண்டியிட்டு உட்கார்ந்து பிளேயரை ஓடவிட்டார். புத்திமதி முடிந்தது. முதல் ஆளைக் கூப்பிடும் இடம் வந்தது. ஓர் அழுத்தல். இசை போய்த் திரும்பும் இடத்தில் இன்னோர் அழுத்தல். இடறவில்லை.

ரவ்ஷான் பாடினார்:

“பனி இடுப்பளவு கிடந்த அன்னிக்கு
மணப்பொண்ணு வண்டிக்கு முன்னால
மம்பட்டியோட நடந்து வந்தவர்,
எங்க வீட்டு வழிவெட்டியார்,
அவருக்கு ஒரு சலாம்.”

கூட்டத்தில் வயதானவர்கள் நிமிர்ந்தார்கள். ரவ்ஷான் மணப்பெண்ணாக வந்த அன்று கணவாயில் பனி மூடிவிட்டது. வண்டிக்கு முன்னால் ஊர்வரை மண்வெட்டியால் வழி வெட்டிக்கொண்டு வந்தவர் ஓர்தாபெக். பெயர் சொல்லக் கூடாதவருக்கு மருமகள் தானே ஒரு பெயர் வைக்க வேண்டும் அல்லவா? அன்று இரவே புது மருமகள் வைத்த பெயர் அது. இருபது வருடத்துக்கு மேலாக வாசலில் அந்தப் பெயர் ஒலித்தது. கடைசி மூன்று வருடம் ஒலிக்கவில்லை.

பெண் குனிந்தாள். ஓர்தாபெக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

இசை ஒரு சுற்றுப் போய்த் தலைக்கு வந்தது. ரவ்ஷான் அதே வரிகளை மீண்டும் பாடினார். பின்வரிசையில் யாரோ, பெட்டி மாட்டிக்கொண்டது என்று முணுமுணுத்தார்கள். சகிந்திக்குக்குக் காது எரிந்தது. விரல் பட்டனுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓர் அழுத்து அழுத்தினால், முறை தவறினாலும் பாட்டு அடுத்தவருக்குப் போய்விடும், எல்லாருக்கும் மானம் மிஞ்சும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உதடு மட்டும் துஆ ஓதி அசைந்தது. இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். கொதிகலனுக்கு ஆயிரம் முறை கரி அள்ளிப் போடுவது இதைவிட லேசாக இருந்திருக்கும்.

மீண்டும் ஒரு சுற்று. ரவ்ஷான் இந்த முறை வரியை மாற்றினார். அன்றைக்குப் பனியில் வலிக்காத கால் இன்றைக்கு மெத்தைமேல் மரத்துப் போனதோ என்று பாடினார். பெண்கள் சிரித்தார்கள். திரைக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. இன்னொரு சுற்று. துசிப் தன் தடியால் மருமகனின் முழங்காலை லேசாகத் தட்டினார்.

“எந்திரிங்க மாப்பிள்ளே. நான் வெள்ளத்துல மாட்டி லேட்டா வந்தேன். உங்களுக்கு என்ன, இங்கேயேதான உக்காந்திருக்கீங்க? பொண்ணுக்கு இடுப்பு வலிக்கப் போகுது.”

ஓர்தாபெக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். உடனே எழவில்லை. இசை அவருக்குப் பின்னால் மெல்ல வளைந்து, ஒட்டுத் தெரியாமல் மறுபடி தொடங்கியது. அதைக் கேட்கிறவர் போலத் தலையைச் சாய்த்தார். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தார். மேலங்கியின் பித்தானைப் போட்டார். முற்றத்தின் நடுவுக்கு வந்து திரைக்கு எதிரே நின்றார். பெண் தாழக் குனிந்தாள். அவர் இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி வாழ்த்தத் தொடங்கினார். பிள்ளை, ஆடு மாடு, நல்ல மழை, வீட்டில் ஒற்றுமை. கடைசிச் சொல்லை மட்டும் இரண்டு முறை சொன்னார். அவர் சொல்லி முடித்து முகத்தைத் தடவிக்கொள்ளும்வரை இசை கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் இடத்துக்குத் திரும்பவில்லை. குட்டை மேசையின் பக்கம் திரும்பினார். மூன்று வருடம் கழித்துத் தம்பியின் கண்ணைப் பார்த்தார். பாட்டு மேலே போகலாம் என்று தோம்ப்ரா வாசிப்பவருக்குப் பெரியவர்கள் காட்டுவார்களே, அப்படி மோவாயை ஒருமுறை உயர்த்திக் காட்டினார்.

சகிந்திக் பட்டனை அழுத்தினார்.