மாருல வலிங்க

நான் கதை எழுதுகிறவள். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை, வீடு கோட்டுச்சேரியில். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு துடிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஒருமுறை கதை எழுதினேன். அதில் 'முலை' என்ற சொல் நான்கைந்து இடங்களில் வரும். அதைப் போடவிருந்த சிறுபத்திரிகையின் ஆசிரியர் போன் செய்தார்.

"கதை நல்லா இருக்குங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் மார்பகம்னு மாத்திக்கலாமா?"

மாட்டேன் என்றேன். மார்பகம் ஆஸ்பத்திரிச் சுவரொட்டியில் இருக்கிற சொல், எந்தப் பெண்ணும் தன் உடம்பை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை என்றேன். மார்பு ஆணுக்கும் உண்டு. கொங்கை, தனம் எல்லாம் செய்யுளில் வருபவை, அவற்றில் பால் கட்டாது. நெஞ்சு என்று போட்டால் மனசு என்று படிப்பார்கள். அரைமணி நேரம் வாதாடினேன். அவர் விட்டுக்கொடுத்தார். அந்தச் சொல் அச்சில் வந்த அன்று என் மேல் எனக்கே மரியாதை வந்தது.

எனக்கு ஒரே அக்கா. விழிதியூரில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் விவசாயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் அந்தக் கதையைப் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எப்படிடி கூசாம எழுதுற? ஒங்க அத்தான் கண்ணுல பட்டுச்சுன்னா அவ்வளவுதான்."

பத்திரிகையை மடக்கித் தலையணைக்கு அடியில் செருகினாள். சாயங்காலம் அவள் பஸ் ஏறிப் போன பிறகு பார்த்தால் அது அங்கே இல்லை. எடுத்துப் போயிருந்தாள்.

நான்கு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் நடுப்பகலில் வந்து நின்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். என்னை அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். முந்தானைக்கு மேலாக இடது பக்கம் விரலை வைத்தாள்.

"இங்க ஒண்ணு இருக்குடி. பட்டாணி மாதிரி. வலியெல்லாம் இல்ல. அமுக்குனா நகர மாட்டேங்குது."

"எத்தன நாளா?"

"தெரியல. குளிக்கிறப்ப கையில தட்டுப்பட்டுச்சு."

"அத்தான்கிட்ட சொன்னியா?"

"அவருகிட்ட எப்படி சொல்றது? நீதான் இதெல்லாம் எழுதுறவளாச்சே, அதான் ஒங்கிட்ட வந்தேன்."

டாக்டரிடம் போகலாம் என்றேன். அதற்கு அத்தானிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும். மாரு ஒரு மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் பயந்துபோய், எங்கள் குடும்பம் வழக்கமாகப் பார்க்கும் டவுன் டாக்டரிடம் மறுநாளே அழைத்து வந்துவிட்டார். நான் நேராக அங்கே போய்ச் சேர்ந்துகொண்டேன்.

சின்ன அறை. டாக்டர் வயதானவர், எங்கள் அப்பாவையும் பார்த்தவர். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அத்தான் அவளுக்குப் பின்னால் நின்றார். நான் கதவோரம்.

"என்னம்மா செய்யுது?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ சொல்லு என்கிற பார்வை.

என் வாய்க்குள் எல்லாச் சொற்களும் இருந்தன. கட்டி என்று ஆரம்பித்தால் எங்கே என்று கேட்பார். அப்பாவின் வயதுள்ள மனிதர், பக்கத்தில் அத்தான். என் முகம் சூடாவது எனக்கே தெரிந்தது.

"மாருல வலிங்க டாக்டர்" என்றேன்.

வலியே இல்லை என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனால் எங்கள் பக்கத்தில் மாருவலி என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"எந்தப் பக்கம்? இடது கை இழுக்குதா? மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம் இழுக்குற மாதிரிதாங்க" என்றாள் அக்கா. நான் தொடங்கி வைத்ததை அவள் காப்பாற்றினாள்.

உள்ளே கூட்டிப்போய் ஈசிஜி எடுத்தார்கள். தாளை நீவிப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, வாயுவாக இருக்கும் என்று மாத்திரை எழுதினார். அவர் மேல் நான் எந்தக் குற்றமும் சொல்ல மாட்டேன். சொன்னதற்கு வைத்தியம் பார்த்தார்.

வெளியே அத்தான் சந்தோஷத்தில் எங்கள் இருவருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அவர் காசு கொடுக்கப் போன நேரத்தில் அக்கா மெதுவாகச் சொன்னாள்:

"நீ சொல்லவே இல்லியேடி."

"லேடி டாக்டர் ஒருத்தர்கிட்ட நாம ரெண்டு பேரு மட்டும் போவோம்க்கா. அடுத்த வாரமே."

அடுத்த வாரம் எனக்கு அலுவலகத்தில் ஆடிட். பிறகு அவளுக்கு நடவு. பிறகு மழை. போனில் கேட்டால், "அப்படியேதான் இருக்கு, ஒண்ணும் பண்ணல" என்பாள். எனக்கும் அதைக் கேட்டால் போதுமாக இருந்தது. ஏழு மாதம் அப்படிப் போனது. அக்குளில் இன்னொன்று வந்து, கையைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். அவள் 'பிரெஸ்ட்' என்றாள், 'லம்ப்' என்றாள். அக்கா ஒரு கூச்சமும் இல்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வேறு யாருடைய உடம்பிலோ இருக்கிற சொல்.

"ஏழு மாசமா? முன்னாடியே யாருகிட்டயும் காட்டலியா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டாள்.

"காட்டுனோங்க" என்றேன்.

அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன்பின் அக்கா அதை 'அது' என்றுதான் சொன்னாள். "அத எடுத்துட்டாங்கடி." ஊரில் வயிற்றில் கட்டி என்று சொல்லி வைத்திருந்தார்கள். நலம் விசாரிக்க வந்தவர்கள் சாப்பாட்டில் காரம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினான்கு மாதம் இருந்தாள். கடைசி நாட்களில் புண்ணுக்குத் துணி மாற்றுவது நான்தான். அப்போதுகூட இருவரும் சன்னலைப் பார்த்துக்கொண்டு, பஸ் கட்டணம், வெயில் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் போன பிறகு இதைக் கதையாக எழுதப் பார்த்தேன். டாக்டர் அறை வரைக்கும் கதை ஓடும். அந்த இடத்தில் நின்றுவிடும். முலை என்று எழுதினால், இதை இப்போது எழுதுகிறாயா என்று நானே அடித்துவிடுகிறேன். மார்பகம் என்றால் அவளுடைய ஆஸ்பத்திரிக் கோப்பு. 'அது' என்று போட்டால் படிப்பவருக்கு விளங்காது. எட்டுத் தடவை எழுதி எட்டையும் கிழித்தேன். வேறு கதைகளும் வரவில்லை. எந்தப் பெண்ணை எழுதினாலும் அவளுக்குக் கையும் காலும் முகமும் மட்டுமே இருக்கின்றன.

வருஷத் திதி முடிந்த மறுவாரம் அத்தான் வீட்டுக்கு வந்தார். காபியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நம்ம டாக்டர்கிட்ட போனோமே. ஒனக்கு அப்பவே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"தெரியும் அத்தான்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் நின்னதாலயா சொல்லல?"

"காபி ஆறுது அத்தான்" என்றேன்.

"போங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெளியில போயி நின்னுருப்பேனே" என்றார். "நான் என்ன, அங்க நின்னு என்னத்தப் பாக்கப் போறேன்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். காபியில் ஆடை கட்டியது. பிறகு எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. நானும் விழிதியூருக்குப் போகவில்லை.