மஞ்சள் பட்ட கதிரை

நான் பெரியபிள்ளையான மாதத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு கதிரையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஸ்கீவ என்ற டேனிஷ் ஊரில் இருந்தோம். சடங்கை வீட்டிலேயே செய்வதென்று முடிவு. எங்களிடம் இருந்ததோ பிளாஸ்டிக் கதிரைகள்தான். வீடியோவில் அவை தெரியக்கூடாது என்று மாமா இஷொய் நகரத்திலிருந்து போன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

அம்மா நகரசபைக்காக முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க வார்க்கும் வேலை செய்தார். அவர்களில் ஒருவர் இளமையில் கதிரைகளை வடிவமைத்துப் பேர் வாங்கியவர். அவர் தன் கையால் செய்த முதல் கதிரை அறையின் மூலையில் நின்றது. வெளிறிய ஓக் மரம், கயிறு பின்னிய இருக்கை. யாரும் அதில் இருந்துவிடாதபடி அவருடைய மகன் கைப்பிடிகளுக்குக் குறுக்கே ஒரு நாடா கட்டியிருந்தார்.

பாலும் தண்ணீரும் வார்க்கும் சடங்கைப் பற்றி அம்மா சொன்னதும் கிழவர் கத்தரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டினார். கொண்டுபோ, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திருப்பிக் கொண்டுவா என்றார். அம்மா இரண்டு தரம் மறுத்தார். பராமரிக்கும் வீட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்தாலும் வேலை போய்விடும். அப்பாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் முதுகு போயிருந்தது. அம்மாவின் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். மூன்றாம் தரம் கிழவர் கோபித்தார். அம்மா கதிரையைக் காரில் ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை, பால் வார்க்கமுன், இருக்கைக்கு மேல் பொலித்தீன் விரிக்க அம்மா விரும்பினார்.

“என்னக்கா, கயிறுதானே? ஊரிலை கட்டில் கயித்துக்குத் தண்ணி தெளிச்செல்லோ இறுக்கிறவை!” என்றார் மாமா.

பாலும் அறுகும் தலையில் விழுந்தன. பிறகு மாமிமார் மஞ்சள் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார்கள். எனக்குக் கீழே ஏதோ மெதுவாக இளகியது. குனிந்த தலை நிமிரக்கூடாது, வீடியோ ஓடுகிறது.

எழும்பியபோது இருக்கை குழந்தையின் ஏணைபோலத் தொங்கியது. மாமா ஓர் இழையைப் பிடித்தார். அது பிரிந்து கூழாகக் கையோடு வந்தது.

“ஐயோ அக்கா, இது பேப்பரை முறுக்கின கயிறு!”

பின்னேரம் முழுக்க அம்மா சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் இன்னும் பரவியது. கடையில் ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்றார் மாமா. “இது கடையிலை விக்கிற சாமானோ?” என்றார் அப்பா.

திங்கட்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்க அவருடைய டேனிஷ் காணாது என்று பயம். காரில் வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டே போனேன்.

அங்கே மகனோடு, வெள்ளைக் கையுறை போட்ட இருவர் நின்றார்கள். கதிரையை வாங்கிப்போக வந்த அருங்காட்சியகத்துக்காரர். அம்மா கதிரையை நடுவில் வைத்துவிட்டுக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். யார் இப்படிச் செய்தது என்று மகன் கேட்டார். பிறகு நகரசபைக்குச் சொல்லப் போனை எடுத்தார். அந்த மஞ்சள் எதனால் வந்ததென்று இத்தனை ஆண்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

கிழவர் சக்கர நாற்காலியை உருட்டி வந்தார். கறையைத் தொட்டு மணந்து பார்த்தார்.

“நான்தான் கொட்டினேன். இவளிடம் கறி கேட்டு வாங்கி, இதில் இருந்துகொண்டு சாப்பிட்டேன். கழுவித்தரக் கொண்டுபோனாள்.”

அவர் அந்தச் சக்கர நாற்காலியை விட்டு எழும்பி இரண்டு வருடம். அது மகனுக்கும் தெரியும். ஆனாலும் போன் சட்டைப்பைக்குள் திரும்பிப் போனது. வந்தவர்கள் கையுறையைக் கழற்றி, பழைய வரைபடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கிழவர் என்னைப் பார்த்து, இருக்கச் சுகமாயிருந்ததா என்று கேட்டார்.

“முதல் நல்லாயிருந்தது. பிறகு கீழே போனது.”

இருமல் வரும்வரை சிரித்தார். அம்மாவுக்கு இரண்டு தரம் நன்றி சொன்னார்.

“பாவம் மனுசன், எங்களுக்காகப் பொய் சொல்லிப்போட்டார்,” என்று காரில் அம்மா அழுதார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மீன் தொழிற்சாலை, கப்பல் சமையலறை, ஓல்போர்க்கில் ஆஸ்பத்திரி என்று ஊர் ஊராக அலைந்தேன். ஒரு குளிர்காலம் ஓர் அருங்காட்சியகத்தில் தரை துடைத்தேன். அந்தக் கிழவர் வடிவமைத்த கதிரைகள் அங்கே வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு நாடா. அதைக் கண்டதும்தான் அந்தப் பத்து மணி நினைவுக்கு வந்தது. கதிரையை எடுத்துப்போக ஆட்கள் வரும் நேரம் அவருக்குத் தெரிந்திருக்கும். அதே நேரத்தைத்தான் அம்மாவுக்கும் சொல்லியிருந்தார். தன் முதல் கதிரையும் இப்படி நாடாவோடு வரிசையில் நிற்பதை அவர் விரும்பவில்லை.

அவர் ஏன் நன்றி சொன்னார் என்று அன்று நான் யோசிக்கவே இல்லை. கதிரையைத் திருப்பிக் கொண்டுவந்ததற்காக என்று நினைத்துக்கொண்டேன்.