நான் இரண்டாக வெட்டிய மழை

மழையை அளக்கிற அந்த மெஷின் எங்கள் வீட்டுக்கு உரச்சாக்கில் கட்டி வந்தது. என் மனைவியின் அண்ணன் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சமையல்காரராக இருந்தார். அவர்கள் நாட்டைவிட்டுப் போகும்போது பழைய இஸ்திரிப்பெட்டி, பிடி உடைந்த மிக்சி என்று வேண்டாததையெல்லாம் அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் குவியலில் இதுவும் கிடந்திருக்கிறது. தலவாக்கலை ஸ்டேஷனில் சாக்கை என் கையில் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் படித்த ஆள் நீங்கள்தான், இது என்ன எழவென்று பாருங்கள் மாப்பிள்ளை என்றார்.

கம்ப்யூட்டர் படித்த ஆள். இதைக் கேட்டால் போதும், அந்தக் காலத்தில் எனக்குத் தலை கால் புரியாது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறைக் காம்பராவுக்குள் ஏழு பேரோடு வளர்ந்து, தலவாக்கலையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் மாஸ்டராகிவிட்டவன் நான். தோட்டத்துக் கடைவீதி ஓரமாகத் தகரம் போட்டு ஒரு வீடும் கட்டியிருந்தேன். பிறந்த லயத்துக்கும் அந்த வீட்டுக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் நான் விட்ட பவுசைப் பார்த்தால் லண்டனில் குடியேறிவிட்டதாக நினைத்திருப்பீர்கள்.

மெஷின் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேலே ஒரு புனல். உள்ளே சீசா மாதிரி இரண்டு சின்னக் கரண்டிகள். ஒன்று மழைநீரால் நிரம்பினால் கவிழும், அடுத்தது மேலே வரும். எத்தனை முறை, எத்தனை மணிக்குக் கவிழ்ந்தது என்பதை வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டி பேட்டரியின் தயவில் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். அதை வாசிக்கிற சிடியை மட்டும் அந்த வெள்ளைக்காரம்மா எங்கேயோ தொலைத்துவிட்டாள்.

ஆகவே அதை வாசிக்க நானே ஒரு ஸ்க்ரிப்ட், கம்ப்யூட்டருக்கான சின்ன நிரல், எழுத உட்கார்ந்தேன். இரண்டு மாதம் பிடித்தது. வகுப்பில் பிள்ளைகள் போன பிறகு, போன் லைனில் அழுது அழுது வருகிற இன்டர்நெட்டில் அந்தப் பெட்டியின் பாஷையைத் தேடிப் பிடித்து, தாளில் எழுதிக்கொண்டு வருவேன். வீட்டில் வந்து தட்டினால் பெட்டி வாய் திறக்காது. திறந்தாலும் குப்பையாக எதையோ கொட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திரையில் தேதியும் மணியும் மழையும் வரிசையாக இறங்கின. நான் போட்ட சத்தத்தில் என் மனைவி அடுப்பிலிருந்த ரொட்டியை விட்டுவிட்டு ஓடிவந்தாள். ரொட்டி கருகிப்போனதற்கு அவள் திட்டியதுகூட அன்றைக்கு எனக்கு இனித்தது.

பிறகு பெட்டி சொல்வதை நாள் வாரியாகக் கூட்ட வேண்டும். இங்கேதான் என் மண்டைக்கனம் வேலை செய்தது. தோட்டத்து ஆபீஸ் வாசலிலும் ஒரு மழைமானி இருந்தது. தினமும் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் முன்னால் ஆபீஸ் காவல்காரர் அதை அளந்து, முந்தின நாள் மழை என்று எழுதி வைப்பார். தோட்டத்தில் எல்லாமே அப்படித்தான். ஒரு பெரட்டிலிருந்து அடுத்த பெரட்டு வரைக்கும் ஒரு நாள். இது என் அப்பா அம்மாவுக்குத் தெரியும், லயத்தில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் வேண்டாம் என்றேன். அது வெள்ளைக்காரத் தொரை தன் வேலைக்கு வசதியாக வைத்த நாள், என் வீட்டு மழைக்கு அவன் நாள் எதற்கு? உலகத்துக்கெல்லாம் இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் தேதி மாறுகிறது. என் ஸ்க்ரிப்டும் மழையைப் பன்னிரண்டு மணிக்கே வெட்டும்படி எழுதினேன். அதைப் பெரிய விடுதலை மாதிரி மனைவியிடம் விளக்கியும் சொன்னேன். அவள் கொட்டாவி விட்டாள்.

என் அக்கா கொழுந்து பறிக்கிறவள். அத்தானும் இரண்டு பிள்ளைகளுமாக ஆற்றோரத்துக் கீழ் லயத்தில் இருந்தாள். பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு குடும்பம். லயத்துக்குப் பின்னால் செங்குத்தாகத் தேயிலை மலை. அந்தச் சரிவில் ஒரு வெடிப்பு விழுந்து, அது வருஷத்துக்கு வருஷம் அகன்றுகொண்டு வந்தது. வேறு இடத்தில் துண்டு நிலம் கொடுத்தால் வீடு கட்டிக்கொள்கிறோம் என்று அவர்கள் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். நிலம் தோட்டத்துடையது. தோட்டத்து மேனேஜரான தொரை மனது வைக்க வேண்டும், அல்லது இது ஆபத்தான இடம் என்று அரசாங்கம் எழுதித் தர வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

அந்த வருஷம் தீபாவளி அன்று சாயங்காலம் பிடித்த மழை மறுநாள் விடிந்துதான் விட்டது. விடிகிற நேரத்தில் லயத்துக்குப் பின்னால் மலை இறங்கியது. சமைக்கிற குசினிகள், மாட்டுக் கொட்டில், கோழிக்கூடு எல்லாம் போய்விட்டன. பின்பக்கச் சுவர் நெடுக வெடித்து நின்றது. சத்தம் கேட்டு எல்லாரும் முன்வாசல் வழியாகக் கோவிலுக்கு ஓடியதால் ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா தீபாவளிச் சேலையோடு, காலெல்லாம் சேறாக, கோவில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு குடும்பத்தையும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கொண்டுபோய் அடைத்தார்கள். பகலில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஒற்றைக் கட்டடம் அது.

பத்து நாள் கழித்துப் பிரதேச செயலகத்திலிருந்து அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான மனிதர், குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி வெடிப்பையெல்லாம் ஏறிப் பார்த்தார். மழையால் வந்த அனர்த்தம் என்று எழுத வேண்டுமென்றால் ஒரே நாளில் நூற்றைம்பது மில்லிமீட்டருக்கு மேல் பெய்திருக்க வேண்டும், ஆபீஸ் அளவு எங்கே என்று கேட்டார். ஆபீஸ் அளவு இல்லை. தீபாவளிக்குக் காவல்காரர் தன் மனைவியின் ஊருக்குப் போய்விட்டார், மழைமானியின் போத்தல் நிரம்பி வழிந்து கிடந்தது. அப்படியானால் ஜனங்கள் கண்ணால் கண்டதைக் கிராம சேவகர் எழுதித் தரட்டும், அதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வார்த்தை என் காதில் விழத்தான் விழுந்தது.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். வாயில் சனி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சேர், என்னிடம் கணக்கு இருக்கிறது, கம்ப்யூட்டர் கணக்கு, கை படாதது என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எங்கள் பொடியன் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். வீட்டுக்கு ஓடி, அந்த மாதத்து வரிகளை அப்படியே பிரின்ட் எடுத்து, கீழே கையெழுத்தும் போட்டு, வகுப்பின் ரப்பர் முத்திரையையும் குத்திக் கொண்டுவந்து கொடுத்தேன். தாளில் என்ன இருக்கிறது என்று கூட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. அவ்வளவு மழை பெய்திருக்கிறது, தாளில் இல்லாமல் எங்கே போகும்?

தாளில் தீபாவளி அன்று தொண்ணூற்றெட்டு. மறுநாள் தொண்ணூற்றொன்று.

அதிகாரி இரண்டு முறை வாசித்தார். பிறகு கூட வந்திருந்த தொரையிடம் நீட்டினார். தொரை தாளைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். கெட்டிக்காரன், ஆபீசுக்கும் இப்படி ஒன்று செய்து கொடு என்றார். எனக்குக் காது வரை சிரிப்பு. ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பதிவான மழை அந்த அளவைத் தாண்டவில்லை. சரிவுக்குக் காரணம், குடியிருப்பாளர்கள் காய்கறித் தோட்டம் போடவும் கொட்டில் கட்டவும் மலையின் அடியை வெட்டியது. ஆதாரம், இணைக்கப்பட்டுள்ள கணினிப் பதிவு. சுவரில் சிமெண்டு பூசிக் கொடுத்து, பன்னிரண்டு குடும்பத்தையும் அதே லயத்துக்குத் திரும்பச் சொன்னார்கள்.

கடிதத்தோடு என் தாளின் நகலும் இருந்தது. அத்தான் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதிகம் படிக்காதவர், ஐந்தாம் வகுப்பு. ஆனால் எண்கள் தெரியும். கதிரையில் உட்காரவில்லை. இரண்டு வரிகளிலும் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"தீவாளிக்குப் புடிச்ச மழ விடியிற வரைக்கும் ஒரே மழதானே மச்சான்? அத எப்புடி ரெண்டு நாளாப் போட்டீங்க?"

பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறுகிறது என்று ஆரம்பித்தேன்.

"பெரட்டுக்குப் பெரட்டுதானே நாளு," என்றார்.

அவருக்கு அது ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அவர் நிற்கும்போதே கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஸ்க்ரிப்டில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். நாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கட்டும் என்றேன். பெட்டியின் ஞாபகத்திலிருந்து ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த அதே கவிழல்கள், அதே மழை, ஒரு சொட்டு கூடவில்லை குறையவில்லை. திரையில் நூற்று எண்பத்தொன்பது என்று வந்தது. அத்தான் திரையையும் என்னையும் பார்த்தார். இது முதலிலேயே வந்திருக்குமா என்று கேட்டார். வந்திருக்கும் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

புதுத் தாளோடு பிரதேச செயலகத்துக்குப் போனேன். போய்க்கொண்டே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு ஐந்தாறு தடவை. வாசலில் உட்கார வைப்பார்கள், அவர் கூட்டத்தில் இருக்கிறார் என்பார்கள். கடைசியில் அந்த யாழ்ப்பாணத்து அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். நான் நாள் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, கரண்டி, பெட்டி, ஸ்க்ரிப்ட் என்று வாய் ஓயும்வரை சொன்னேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. விளங்கியது என்பதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாத விஷயம்.

"தம்பி, நீர் சொல்லுறது சரியா இருக்கலாம். ஆனா கையெழுத்து வைச்சுத் தந்த கடதாசி ஃபைலில கிடக்கு. இப்ப இலக்கத்தை மாத்திக் கொண்டந்து தந்தா, சொந்தக்காரருக்காக மாத்தினது எண்டுதான் சொல்லுவினம். தோட்டத்துக்காரர் உம்மட முதல் கடதாசியைத்தான் காட்டுவினம்."

கை படாதது என்று நான்தானே பீற்றிக்கொண்டேன். இப்போது கை பட்டுவிட்டது. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் அந்த அதிகாரி மேல் இல்லை, தொரை மேல்கூட இல்லை. தொரை தன் தேயிலையைக் காப்பாற்றிக்கொண்டார், அது அவர் தொழில். எங்கள் ஜனங்கள் கண்ணால் பார்த்த மழையைச் சொல்லிப் பிழைத்திருப்பார்கள். படித்தவன் நான் வந்து அவர்கள் வாயை அடைத்துவிட்டேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மழை பலத்தால் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். பிள்ளைகளை மட்டும் அனுப்புவாள். பன்னிரண்டு குடும்பமும் அங்கே கிடக்கும்போது நாங்கள் மட்டும் எப்படி வருவது என்று அத்தான் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். நானும் விட்டுவிட்டேன். மெஷினை மட்டும் விடவில்லை. தினமும் ஸ்க்ரிப்டை ஓட்டுவேன், காலை ஏழு மணிக்குச் சரியாக வெட்டும்.

அடுத்த வருஷம் ஆனி மாத மழையில், பெரட்டுக்குப் புறப்படுவதற்கு முன்னால் அத்தான் பின்பக்கம் முகம் கழுவப் போயிருக்கிறார். சிமெண்டு பூசிய சுவர் அப்படியே அவர் மேல் சாய்ந்தது. பெரிய மழைகூட இல்லை. அந்த வாரம் முழுவதும் தூறல்தான். என் கம்ப்யூட்டரில் அன்றைய வரியைப் பார்த்தால் யாரும் குடை எடுத்திருக்க மாட்டார்கள்.

மூன்றே மாதத்தில் நிலம் கிடைத்தது. மேட்டில், ரோட்டுக்குப் பக்கத்தில், நல்ல இடம். பெரிய மனிதர்கள் மாலை போட்டுக்கொண்டு வந்து பத்திரம் கொடுத்தார்கள். தொரை பந்தலுக்குத் தகரம் கொடுத்தார். பன்னிரண்டு குடும்பங்களும் வரிசையாக நின்று வாங்கின. அக்கா வெறும் நெற்றியோடு ஏழாவதாக நின்றாள். மழையைப் பற்றி அன்று ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று போனேன். போகாமல் இருக்க முடியாது, தம்பி அல்லவா. புதுச் சிமெண்டு வாசனை, சுவரில் மாலை போட்ட அத்தான் படம். அக்கா எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"இந்தத் தடவ ஒன்கிட்ட யாரும் பேப்பர் கேக்கலையாடா?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கேட்கவில்லை அக்கா என்றேன்.