தசரதன் உட்கார்ந்து பேசிய கூட்டம்

ஆரணியில் நெசவாளர் சங்கத் தலைவரான தசரதன், தறியில் உட்கார்ந்து பேசினால் தெருவே சிரிக்கும். மேடையில் நின்றாலோ எழுதிவந்ததைப் படிப்பார். ஜனம் டீக்கடைக்கு நழுவும். வீட்டுக்கு வீடு சாயம் காய்ச்சுவதை விட்டு, பொதுச் சாயப்பட்டறை கட்டும் தீர்மானம் இப்படியே இரண்டு முறை தோற்றது. 1998-ல் மூன்றாவது கூட்டம். இதிலும் தோற்றால் திட்டத்தையே கைவிட வேண்டியதுதான்.

பக்கத்துத் தறியில் நெய்யும் சிவசங்கரி, கால் வெடவெடக்க அவரைப் போலவே நடித்துக் காட்டினாள். "நின்னுகினு பேசறப்போ உங்க கால் தறி மிதிய தேடுதுண்ணே. உக்காந்து பேசுங்க."

"தலைவர் உக்காந்தா அசிங்கமா இருக்காதாம்மா?"

"இப்ப மட்டும் ரொம்ப ஷோக்கா கீதா?"

கூட்டத்தன்று அவர், குழித்தறியில் உட்காருவதுபோல, மேடை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். தாளைப் பையில் வைத்துவிட்டு, முன்வரிசை நெசவாளி ஒருவரைப் பார்த்துக் கேட்டார்:

"பச்சையப்பா, சோத்துலகூட சாயம் ஒட்டுதாமே? வூட்டுக்குள்ளயே காச்சினா வேற என்னா ஆவும்?"

சிரித்தவர்கள் அப்படியே உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் எல்லாக் கையும் உயர்ந்தது.

பட்டறைத் திறப்பு விழாவில் தசரதன் சொன்னார்: "எனக்குப் பேசக் கத்துக்குடுத்தது சிவசங்கரிதான். அந்த நன்றிய நான் மறக்கவே மாட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் கத்தினாள்: "ஜல்தியா முடிங்கண்ணே, கேசரி ஆறுது!"