மலைப்பக்கத்தை யார் எடுப்பது

ஒரு சிறிய தீவு நாட்டுக்கு உதவ வந்த நான்கு நாடுகளை ஒரே மேசையில் உட்காரவைத்துத் திட்டம் போடச் செய்வது அப்போது என் வேலை. நான்கு நாடுகளுக்குமே தலைநகரில் ஆஸ்பத்திரி கட்டத்தான் ஆசை. அங்கேதான் மந்திரி வருவார், பத்திரிகையில் படம் வரும். மலைப்பக்கத்தில் பிரசவ வலி எடுத்தால் பெண்ணைத் தூளியில் கட்டிச் சுமந்து இறங்க வேண்டும். அந்தப் பக்கத்தை எடுக்க ஆளில்லை. கெஞ்சியும் சண்டை போட்டும் பங்கு பிரித்தேன். மலையில் மருத்துவ நிலையங்கள் கட்ட ஒரு நாடு ஒப்புக்கொண்டது. அதன் ஆலோசகர் என்னைப் போலவே பினாங்குக்காரர், செட்டிநாட்டுக் குடும்பம். என்னைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

அந்தத் தங்கச்சியைத்தான் காட்டிக்கொடுத்தார். மந்திரியைத் தனியாகப் பார்த்து, தலைநகரிலேயே ஆஸ்பத்திரி கட்டித் தருவதாகச் சொன்னார். தன் தூதரிடம், திட்டத்தை மாற்றச் சொன்னதே இந்தத் தங்கச்சிதான் என்றார். மற்ற மூன்று நாடுகளும் கொதித்தபோது, நான் எதையும் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று சபையில் என் மேல் பழி போட்டார். என்னை அனுப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்பி, பத்து காவானில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்தேன். பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டும்போதெல்லாம் அந்த ஆலோசகருக்குச் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.

அடுத்த திட்டக் கூட்டத்துக்கு அந்த நாடுகள் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் பினாங்கின் ஜார்ஜ்டவுன். அந்தத் தீவு நாட்டின் சுகாதார இயக்குநர் அம்மையார், என்னோடு மலையேறி வந்தவர், போன் செய்தார். தன் பக்கம் உட்கார்ந்து பேச வருவாயா என்று கேட்டார். ஆலோசகர் தன் தூதரிடம் என்னைப் பற்றி என்ன சொல்லியிருந்தார் என்பதையும் அந்த அம்மையாரிடமிருந்துதான் அறிந்தேன். உடனே லீவு போட்டேன்.

ஹோட்டல் மண்டபத்தில் ஆலோசகர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன தங்கச்சி, பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத லா."

"உக்காருங்கண்ணே," என்றேன்.

இந்த முறை அவருடைய நாட்டுக்குத் துறைமுகம் கட்டும் வேலை வேண்டுமாம். நான் மைக்கை என் பக்கம் இழுத்து, அவரிடம் அல்ல, பக்கத்தில் இருந்த தூதரிடம் கேட்டேன்: "மலையை ஏன் கைவிட்டீர்கள்?"

தூதர் குழம்பினார். "நீங்கள்தானே மாற்றச் சொன்னீர்கள்?"

"யார் சொன்னது?"

தூதர் மெல்ல ஆலோசகர் பக்கம் திரும்பினார். மண்டபமே திரும்பியது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தவர் குடிக்கவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய் அவரைக் காப்பாற்றியிருக்க முடியும். நான் வாயே திறக்காமல் காத்திருந்தேன்.

துறைமுகம் வேறொரு நாட்டுக்குப் போனது. மலையைத் தூதரே கேட்டு வாங்கிக்கொண்டார். மாலையில் லிஃப்ட் அருகே ஆலோசகர் என்னை மறித்தார்.

"தனியா கூப்ட்டுக் கேட்டிருக்கலாமே. என் பொழப்பே போச்சு."

"என்னைப் பத்தி நீங்க தனியாவாண்ணே சொன்னீங்க?"

மறுநாள் அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். பரிதாபம் வரும் என்று சிலர் சொன்னார்கள். வரவில்லை. பிறகு மலையில் முதல் நிலையம் திறந்த செய்தி வந்தபோது சந்தோஷப்பட்டேன்தான். ஆனாலும் மனம் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது, தூதர் அவர் பக்கம் திரும்பிய அந்தக் கணத்தைத்தான்.